ஆறாம் வகுப்புக்குப் போகும் தம்பிக்கும் தங்கச்சிக்கும்

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே டீச்சர். உனக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர். பாடத்தை நடத்திவிட்டு, மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். நாளைக்கு அறிவியல் டெஸ்ட் இருக்கிறதென்று கணக்கு சாருக்குத் தெரியாது. ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலை மொத்தமும் இனி உன் தலையில்தான். சுவரில் ஒட்டியிருக்கும் வகுப்பறை விதிகள் சார்ட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதனால்தான் அக்கா எழுதுகிறேன்.

முதல் வாரம் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வை. எந்த டீச்சருக்கு என்ன பிடிக்கும் என்று அதில் எழுது. ஒருவருக்கு இரண்டு பக்கமும் மார்ஜின் வேண்டும். இன்னொருவருக்கு ஹோம் ஒர்க் தனி நோட்டில் இருக்க வேண்டும். அறிவியலில் படம் பென்சிலில்தான், பாகம் குறிப்பது வலது பக்கம்தான் என்பார்கள். இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். வகுப்பு முழுவதன் நோட்டையும் திருத்துகிறவருக்குத் தேடாமல் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். சிவப்பு மை டீச்சருக்கு, பச்சை மை ஹெச்.எம்.முக்கு. உனக்கு நீலமும் கருப்பும். வாசனை வரும் ஜெல் பேனாவை வீட்டில் வைத்துக்கொள்.

டைம்டேபிள் பார்த்துப் பையை ராத்திரியே அடுக்கிவிடு. காலையில் அம்மா இட்லிப் பானையோடு போராடும்போது "சமூக அறிவியல் நோட்டைக் காணோம்" என்று கத்தினால் உனக்கும் நோட்டு கிடைக்காது, அவருக்கும் வேலை ஓடாது. ஜாமெட்ரி பாக்ஸில் பெயர் எழுது. மூடியில் மட்டும் போதாது, காம்பஸிலும் சின்னதாக ஒரு பேப்பர் ஒட்டு. வகுப்பில் முதலில் காணாமல் போவது அதுதான்.

எல்லா வம்பும் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? ஒரு டீச்சர் வெளியே போய், அடுத்தவர் உள்ளே வருவதற்குள் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில். டஸ்டர் பறப்பது, தண்ணி பாட்டில் உருள்வது, ஜன்னல் வழியாகப் பக்கத்து வகுப்பைக் கூப்பிடுவது எல்லாம் அப்போதுதான். முதல் வேலையாகப் பழைய புத்தகத்தை உள்ளே வை, அடுத்த பாட நோட்டை எடுத்து மேலே வை. தண்ணி குடி. அப்புறம் பேசு. பேசவே கூடாதென்று நான் சொல்ல மாட்டேன், நடக்கிற காரியமா அது? பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும், வராண்டா வரைக்கும் கேட்க வேண்டாம்.

லீடர் போர்டில் 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதுவான். உன் பெயர் வந்தால் அவனிடம் சண்டைக்குப் போகாதே. போனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி ஏறும், அப்புறம் இரண்டு, மூன்று. வாயை மூடிக்கொண்டு பாடத்தை எடுத்தால் பெரும்பாலும் அவனே அழித்துவிடுவான். நீயே லீடரானால் உன் சிநேகிதி பெயரையும் எழுது. அவள் பேசியதை வகுப்பே பார்த்திருக்கும். அவள் பெயரை விட்டுவிட்டால் அடுத்த நாளிலிருந்து நீ சொல்வதை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இனி உடம்பு விஷயம். அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறில் மதியச் சாப்பாடு உண்டு, காலை டிபன் கிடையாது. பழக்கத்தில் வெறும் வயிற்றோடு வந்து, ப்ரேயரில் கண் இருட்டி உட்கார்ந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. பழைய சோறோ ரெண்டு வாழைப்பழமோ, ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா.

பாத்ரூம் வந்தால் அடக்காதே. இன்டர்வெல்லில் விளையாடிவிட்டு மணி அடித்ததும் போவது வேறு, நிஜமாக முடியாமல் போவது வேறு. டீச்சருக்கு இரண்டும் தெரியும். தங்கச்சி, பையின் உள் ஜிப்பில் ஒரு நாப்கின் எப்போதும் இருக்கட்டும், உனக்கு இன்னும் ஆரம்பிக்காவிட்டாலும் சரி. பக்கத்தில் இருப்பவளுக்கு உதவும். சார் வகுப்பில் இருந்தால் "அவசரமா போகணும் சார்" என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தம்பி, ஒருத்தி அவசரமாக எழுந்து போனால் திரும்பிப் பார்த்துச் சிரிக்காதே. சிரிக்கிறவனையும் சும்மா இருக்கச் சொல்.

கடைசி பெஞ்ச் கிடைத்துவிட்டதே என்று கவலைப்படாதே. 2025-இல் கடைசி பெஞ்சே இல்லாதபடி வகுப்பில் பெஞ்சுகளை 'ப' வடிவில் போடலாம் என்று தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை சொன்னது. பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்குமே, கண்ணுக்குச் சிரமமாகுமே என்று பேச்சு கிளம்ப, நிறுத்தி வைத்தார்கள். எங்கே உட்கார்ந்தாலும் சந்தேகம் கேட்கத் தெரிந்தால் போதும். "புரியல மிஸ்" என்றால் அவர் முதலிலிருந்து மறுபடி சொல்வார், உனக்கு மறுபடி புரியாது. "மூணாவது வரியில மைனஸ் எப்படி ப்ளஸ் ஆச்சு மிஸ்?" என்று கேட்டுப் பார். அந்த ஒரு வரியைப் போர்டில் தனியாகப் போட்டுக் காட்டுவார். கூடவே, கேட்காமல் உட்கார்ந்திருந்த பாதி வகுப்புக்கும் புரிந்துவிடும்.

எட்டு வரைக்கும் ஃபெயில் கிடையாது, எதற்கு இவ்வளவு என்று பெரிய வகுப்பு அண்ணன்கள் சொல்வார்கள். ஃபெயில் இல்லாவிட்டாலும் மதிப்பெண் உண்டே. பருவத் தேர்வில் எழுதி வாங்குவது 60 மதிப்பெண்தான். மீதி 40 வளரறி மதிப்பீடு. வகுப்பில் செய்த செயல்பாடு, ப்ராஜெக்ட், சின்னச் சின்ன டெஸ்ட் எல்லாம் அதில் சேரும். நோட்டை ஒழுங்காகக் கொண்டு வருகிறவனுக்குத் தேர்வு ஹாலுக்குப் போகும் முன்பே பாதி பயம் போய்விடும்.

கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு போகாதே. எந்தக் கலர் எந்த ஜாதிக்கு என்று நம் ஊரில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாங்குநேரியில் ஜாதி வெறியில் ஒரு மாணவனை அவன் பள்ளி மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையிலும் பள்ளிகளில் இந்தக் கயிறுகள் கூடாதென்று சொல்லியிருக்கிறது. "கோயில் கயிறுதான் டீச்சர்" என்று சமாளிக்கவும் வேண்டாம். ஒருவரின் ஊர்ப் பெயரையோ தெருப் பெயரையோ பட்டப்பெயராக வைப்பதும் இதே வகைதான்.

விதி உனக்கு மட்டுமில்லை, டீச்சருக்கும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு: அடிக்கக் கூடாது, மனசு நோகும்படி அவமானப்படுத்தவும் கூடாது. திட்டு வாங்கியதற்கெல்லாம் சட்டம் பேசினால் எனக்கே கோபம் வரும். அடி விழுந்தாலோ, யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டாலோ முதலில் வீட்டில் சொல். வீட்டில் சொல்ல முடியவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐக் கூப்பிடு. இரண்டும் இலவசம். பள்ளியில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி இருந்தால் எழுதிப் போடு, பெயர் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

லீவு போட்டுவிட்டு வந்தால் "நேத்து என்ன நடத்துனாங்க?" என்று கேட்காதே, "ஒண்ணும் நடத்தல" என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று கேள், நோட்டை வாங்கி அன்றைக்கே எழுது. லீவ் லெட்டரில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுவிடாதே. ரேங்க் கார்டில் அவர் போட்ட கையெழுத்து டீச்சரிடம்தான் இருக்கிறது.