கருவியையும் சோதித்துப் பார்ப்போம்

சந்தையிலே வெங்காயம் நிறுக்க முன்னர் நாம் எதைப் பார்க்கிறோம்? தராசுத் தட்டுகள் சமனாக நிற்கின்றனவா, படியில் முத்திரை உண்டா என்றுதான். கிணற்று நீரின் உவரை அளக்கும் மின்கடத்துதிறன் மானிக்கும் அத்தகைய சோதனை வேண்டும். அதைச் செய்வது தொழில்நுட்பவியலாளரின் வேலை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, 2009இன் பின் கட்டங்கட்டமாகத் திரும்பின. பற்றை வெட்டி, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின் ஒரு கேள்வி எழும்: இந்தத் தண்ணீர் தோட்டத்துக்கு உதவுமா? குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர், கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். நாக்கு எல்லா உவரையும் அறியாது. ஆகவே மானி தேவை.

மானியைச் சோதிக்கும் முறை:

1. மின்வாயைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவுக.

2. நியமக் கரைசலில் அமிழ்த்துக. ஒரு லீற்றரில் ஏறக்குறைய 0.745 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு உள்ள கரைசல், 25 பாகை செல்சியசில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்டவேண்டும்.

3. வெப்பநிலையைக் கவனிக்க. ஒரு பாகை கூடினால் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். இதைத் தானாகவே திருத்தும் மானிகளும் உண்டு.

4. அளவு பிசகினால் மானியைத் திருத்தி, மீண்டும் சோதிக்க. திகதியையும் அளவையும் கொப்பியில் பதிக.

இதனால் என்ன பயன்? 1413 காட்டவேண்டிய மானி 1130 காட்டுகிறது என்று வைப்போம். அதே மானி உங்கள் கிணற்றுக்கு 760 காட்டினால், உண்மை அளவு ஏறக்குறைய 950 ஆகும். வெங்காயமோ உவர் தாங்காத பயிர். பாசன நீர் சுமார் 800ஐத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். மானியை நம்பிக் கடன்பட்டு விதைவெங்காயம் வாங்கிய குடும்பத்துக்கு அந்த நட்டத்தை யார் கொடுப்பார்? முன்னரே தெரிந்திருந்தால் உவரைக் கூடுதலாகத் தாங்கும் பீற்றூட்டை நட்டிருக்கலாம்.

ஆகவே, நீர் சோதிக்க வருபவரிடம், "இந்த மானியைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், தம்பி?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல தொழில்நுட்பவியலாளர் கோபிக்கமாட்டார். கொப்பியைத் திறந்து காட்டுவார். பாடசாலையில் விஞ்ஞானம் கற்ற உங்கள் பிள்ளைகளுக்கும் இவ்வேலை எட்டாத ஒன்றல்ல.

கூடிப் பேசுவதற்கு:

• நமது ஊர்க் கிணறுகளின் உவரை மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து பதிபவர் யார்?

• சங்கத்துக்கு ஒரு மானி வாங்கினால், அதைச் சோதித்துப் பராமரிக்க எவரைப் பழக்கலாம்?