தபாலில் வந்த எலெக்ட்ரானிக்ஸ்



எலெக்ட்ரானிக்ஸ் வரலாறு என்றால் வால்வு, டிரான்சிஸ்டர், ஐ.சி. என்று கண்டுபிடிப்புகளைத்தான் படிக்கிறோம். அந்த பார்ட்ஸ் எல்லாம் ஒரு சின்ன ஊர் மாணவன் கைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதும் ஒரு வரலாறுதான். மதுராந்தகத்தில் படிக்கிற நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

1. வி.பி.பி. தந்த வசதி

நம் நாட்டில் வி.பி.பி. முறை 1877-லேயே வந்துவிட்டது. வியாபாரி பார்சலை அனுப்புவார். போஸ்ட்மேன் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். பணம் மணியார்டராக வியாபாரிக்குப் போய்ச் சேரும். முகம் தெரியாத இருவருக்கு நடுவே தபால் இலாகா ஜாமீன் போல நின்றது.

1969-இல் தில்லியிலிருந்து 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. சர்க்யூட், பி.சி.பி. படம், பார்ட்ஸ் பட்டியல் மூன்றும் அதில் வரும். பின்னாளில் அதன் சகோதர நிறுவனமான 'கிட்ஸ்'ன்'ஸ்பேர்ஸ்' அந்த சர்க்யூட்டுகளுக்கான கிட்டுகளை தில்லி ஓக்லாவிலிருந்து அனுப்பியது. சர்க்யூட்டைப் படிப்பவனே அதைச் செய்தும் பார்க்க வழி பிறந்தது.

2. கிட் எதற்கு?

'பார்ட்ஸ் கடைதான் இருக்கே, கிட் எதுக்கு?' என்று கேட்கலாம். நான் படித்த 1980-களில் ரிச்சி தெருவுக்குப் போக ரயிலேறி எழும்பூரில் இறங்க வேண்டும். ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இருபது பார்ட்ஸில் ஒன்று குறைந்தாலும் வேலை அப்படியே நிற்கும். ஒரு ரெசிஸ்டரை மட்டும் தபாலில் வரவழைத்தால் அதன் விலையைப் போலப் பல மடங்கு தபால் செலவு. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால்தான் இரு தரப்புக்கும் கட்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வெளிநாட்டு சர்க்யூட்டில் 2என்2222 என்று போட்டிருக்கும். இங்கே சுலபமாகக் கிடைத்தது எஸ்.எல்.100. எதற்கு எதைப் போடலாம், கால்களின் வரிசை ஒத்துப் போகிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது கிட் தயாரிப்பவரின் வேலை. ஆக, அவர் விற்றது பார்ட்ஸ் மட்டுமல்ல. 'இவை ஒன்றோடொன்று சேரும், வேலை செய்யும்' என்ற உறுதியையும் சேர்த்துத்தான் விற்றார்.

3. இரண்டு அமெரிக்க உதாரணங்கள்

எட்வர்ட் ஹீத் என்பவர் முதலில் விற்றது விமானக் கிட். 1931-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். 1935-இல் அந்தக் கம்பெனியை ஹோவர்ட் ஆன்டனி வாங்கினார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப் போட்ட உதிரிப் பாகங்களை மலிவாக வாங்கி, 1947-இல் ஆசிலாஸ்கோப் கிட் வெளியிட்டார். அதுதான் புகழ்பெற்ற 'ஹீத்கிட்'டின் தொடக்கம். அதன் கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் டிக் அடிக்க ஓர் இடம் இருக்கும். ஐ.சி. யுகத்தில் தயாரான பொருளே கிட்டைவிட மலிவாகிப் போனது. 1992-இல் ஹீத்கிட் தன் கிட் வியாபாரத்தை நிறுத்தியது.

அடுத்தது டிஜி-கீ. ரொனால்ட் ஸ்டோர்டால் 1972-இல் தொடங்கியது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் மோர்ஸ் அனுப்ப உதவும் டிஜிட்டல் கீயர் கிட்டைத்தான் முதலில் விற்றார். கம்பெனியின் பெயரே அதிலிருந்து வந்தது. போகப் போக கிட்டைவிட அதற்கான பார்ட்ஸுக்குத்தான் கிராக்கி. அந்த வழியிலேயே போய் இன்று உலகின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் நிறுவனங்களில் ஒன்றாக நிற்கிறது. அதன் தலைமையகம் நியூயார்க்கிலா? இல்லை. மின்னசோட்டா மாநிலத்தில் சுமார் ஒன்பதாயிரம் பேர் மட்டுமே வாழும் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற சிற்றூரில்! நம் மதுராந்தகத்தைவிடச் சின்ன ஊர். தபாலும் கூரியரும் இருந்தால் ஊர் சின்னதாக இருப்பது ஒரு குறையே அல்ல.

4. நம் கிட்டை நாமே தயாரிப்போம்

இன்று பார்ட்ஸ் பஞ்சம் இல்லை. செல்போனில் ஆர்டர் போட்டால் கூரியர் வாசலுக்கு வருகிறது. ஆனால் புராஜெக்ட்டையே முடித்துக் கொடுக்கும் கடைகளும் வந்துவிட்டன. காசு கொடுத்தால் மாடல், ரிப்போர்ட் எல்லாம் ரெடி. வைவாவில் 'இந்த கெபாசிட்டர் எதுக்கு?' என்று கேட்டால்தான் முழி பிதுங்கும். கிட் நமக்குக் கைவேலை கற்றுக் கொடுத்தது. ரெடிமேட் புராஜெக்ட் அந்தக் கைவேலையையே பறித்துக்கொள்கிறது.

ஆகவே புராஜெக்ட் தொடங்குமுன் கிட் கம்பெனிக்காரர் செய்வதை நாமே செய்வோம்:

அ) பட்டியல் முழுமையாக இருக்கட்டும். ரெசிஸ்டருக்கு ஓம் மட்டும் போதாது, வாட்டும் எழுதுங்கள். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்கு வோல்ட்டும் அவசியம். ஐ.சி. சாக்கெட், ஹீட் சிங்க், ஸ்க்ரூ, ஒயர் வரை எழுதுங்கள்.

ஆ) மாற்று டிரான்சிஸ்டர் போட்டால் கால் வரிசையைப் பாருங்கள். தட்டையான பக்கம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்க, பி.சி.547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

இ) சுலபமாகக் கெடக்கூடிய டிரான்சிஸ்டர், ஐ.சி. இரண்டிலும் ஒன்று கூடுதலாக வாங்குங்கள்.

ஈ) பார்சல் வந்ததும் சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள். முதலில் பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ரெசிஸ்டரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்.

இந்த நான்கையும் செய்து முடிக்கும்போது சர்க்யூட்டில் பாதி புரிந்துவிடும். பட்டியலை ஒழுங்காக எழுதத் தெரிந்தவனை எந்தத் தொழிற்சாலையும் விரும்பும். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், அசெம்பிளி என எல்லாப் பிரிவுக்கும் அடிப்படை அந்த ஒரு தாள்தான். நாளை உங்களில் ஒருவர் நம் ஊரிலிருந்தே கிட் அனுப்பும் தொழில் தொடங்கினால், முதல் ஆர்டர் என்னுடையது!