சீட்டு இல்லாமல் மாத்திரை தரலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்தாளுநர் ஆன்டிபயாடிக் தருகிறாராமே? நம் ஊர் மெடிக்கலிலும் அனுமதித்தால் என்ன?
- வாசகி, கரூர்

பதில்: உண்மைதான். 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, காது வலி, அக்கி, பெண்களின் சிறுநீர்த் தொற்று என ஏழே தொல்லைகளுக்கு, தேவைப்பட்டால் மருந்து தருகிறார்கள்; அக்கிக்கு மட்டும் அது ஆன்டிபயாடிக் அல்ல, வைரஸ் எதிர்ப்பு மருந்து. கேட்டதும் எடுத்து நீட்டுவதில்லை. உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு 16 முதல் 64 வயதுவரை உள்ள, கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு மட்டுமே. குளிர்காய்ச்சலும் விலா வலியும் இருந்தால் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். கொடுத்த மருந்தின் விவரம் குடும்ப மருத்துவருக்கும் போய்விடும்.

இங்கே? அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குச் சீட்டு கட்டாயம் என்கிறது சட்டம். போன வாரம் ஒரு கடையில், "இருமலுக்கு ரெண்டு அசித்ரோமைசின்" என்றார் ஒருவர். கடைப்பையன் அட்டையைக் கத்தரியால் நறுக்கி, காகித உறையில் போட்டுக் கொடுத்தான். அலர்ஜி உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயிறு கலங்கியது. இப்படி அரைகுறையாக விழுங்கித்தான் கிருமிகளுக்கு மருந்தைத் தாங்கும் பலத்தைக் கொடுக்கிறோம்.

பார்மசி படித்தவர் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் கவுன்ட்டரில் இருக்கட்டும். விசாரித்து, எழுதிவைத்துக் கொடுக்கட்டும். அப்படியானால் சின்னப் பட்டியல் ஒன்றை அவரிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். ஆன்டிபயாடிக்கை மட்டும் அதில் இப்போது சேர்க்க வேண்டாம்.