உமியைச் சாம்பலாக்காதீர், கரியாக்குவீர்

கமக்காரர்களே! நெல் ஆலைகளின் புறத்தே மலைபோற் குவியும் உமியைப் பயனற்றதெனக் கருதிப் பலர் கொளுத்திவிடுகின்றனர். 1,000 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 200 கிலோகிராம் உமி கிடைக்கும். வெண்சாம்பலாகும்வரை எரித்தால் அதிலுள்ள காபன் அனேகமாக முழுவதும் காற்றோடு கலந்துவிடும். காற்று அதிகம் புகாதபடி கருக்கினால், அதிற் கணிசமான பங்கு கரியாக எஞ்சும். இவ்வுமிக்கரி மண்ணுக்கு உற்ற துணையாகும்.

கரியினால் விளையும் நன்மைகள்

உமிக்கரியில் எண்ணிறந்த நுண்டுளைகள் உள. அவை நீரைப் பிடித்து வைத்து, மணற்பாங்கான நிலம் விரைவிற் காய்ந்துபோகாமற் காக்கின்றன. பசளையிலுள்ள அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் கரி பற்றிக்கொண்டு பயிருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கின்றது. 2022 ஆம் ஆண்டில் யூரியாவின் விலை எத்துணை உயர்ந்ததென்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறு வாங்கிய பசளை நீரோடு கழுவுண்டு போவது பண நட்டம் மாத்திரமன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கற்பிட்டியிலும் தோட்டங்களுக்கு இட்ட நைதரசன் நிலத்தடி நீரிற் சேர்ந்து, குடிநீர்க் கிணறுகளையும் பழுதாக்கியுள்ளது.

உமிக்கரியிலுள்ள சிலிக்கா நெற்பயிரின் தண்டை உறுதியாக்கும். பயிர் சாய்வதையும் எரிபந்த நோயையும் குறைக்க உதவும். கரி எளிதில் உக்காது. அமேசன் ஆற்றுப் பிரதேசத்தில் பழங்குடி மக்களின் குடியிருப்புகளிற் சேர்ந்த கரி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நிலத்தைக் கறுப்பாகவும் வளமாகவும் வைத்திருக்கின்றது. இவ்வாறு மண்ணில் தங்கும் காபன் காற்றை வெப்பமாக்கும் வாயுவாக மாறுவதில்லை.

செய்யும் முறை

1. பக்கங்களிற் துளையிட்ட தகரப் பீப்பாவின் மேல் புகைக்குழாய் ஒன்றைப் பொருத்துக.
2. பீப்பாவினுள் விறகிட்டுத் தீ மூட்டி, அதனைச் சுற்றி உமியைக் குவிக்க.
3. உமி உள்ளிருந்து வெளிப்புறமாகக் கறுத்து வரும். கறுத்ததை வெளியேயும் கறுக்காததை உள்ளேயும் தள்ளிக் கிளறுக.
4. முழுவதும் கறுத்தவுடன், சாம்பல் நிறம் தோன்றுமுன், பரப்பி நீர் தெளித்து நன்கு அணைக்க.

இடும் முறை

வயலுக்கு, நிலத்தைப் பண்படுத்தும்போது ஏக்கருக்கு 250 கிலோகிராம் அளவில் பரப்பி உழுது கலக்குக. மிளகாய், கத்தரி, தக்காளி முதலிய பயிர்களுக்கு, ஒரு பங்கு கரியை மூன்று பங்கு கூட்டெருவோடு கலந்து, ஈரமாக இரு வாரம் வைத்திருந்து பாத்திகளில் இடுக. கரியைத் தனியே இட்டால், அது மண்ணிலுள்ள நைதரசனைத் தன்பாற் பற்றிக்கொள்ள, இளம்பயிர் மஞ்சளிக்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

உமிக்கரி பசளைக்கு ஈடன்று. பசளையின் பயனைப் பெருக்குவதே அதன் தொழில். அது காரத்தன்மை உடையதாதலின் அமில நிலங்களுக்கு மிக ஏற்றது. சுண்ணாம்புப் பாங்கான நிலங்களில் அளவோடு இடுக. கரித்தூள் மூச்சோடு உட்செல்லாதவாறு மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. உள்ளே தணல் இருப்பின் மீண்டும் பற்றிக்கொள்ளும். ஆதலால் நன்கு ஆறியபின்னரே சாக்கில் இடுக.

முதற் போகத்தில் ஒரு பாத்திக்குக் கரியிட்டு, அருகிலுள்ள பாத்தியைக் கரியிடாது விடுக. இரண்டிலும் கிடைக்கும் விளைச்சலை நிறுத்துப் பார்த்து, உங்கள் நிலத்துக்கு ஏற்ற அளவை நீங்களே தீர்மானிக்கலாம். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.