ஒற்றைத் தலைவலியால் மூளை கெட்டுப் போகுமா?



"மாசத்துக்கு ரெண்டு தடவை ஒரு பக்க மண்டை தெறிக்குதுங்க. வாந்தி வருது. வெளிச்சமே ஆகறதில்லை. மூளையிலே ஏதாச்சும் கெட்டுப் போச்சுங்களா?"

நம் சேலம், நாமக்கல் பக்கம் தறி ஓட்டும் சகோதரிகளும், கோழிப் பண்ணைக்குப் போகும் தாய்மார்களும் கேட்கும் கேள்வி இது. இதுவே ஒற்றைத் தலைவலி. டாக்டர்கள் மைக்ரேன் என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 3 மடங்கு அதிகம்.

மூளையில் நடப்பது என்ன?

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னல் போல ஒளிக்கோடுகள் நெளியும். பார்வை பாதி மறையும். ஒரு பக்கக் கையும் முகமும் மரத்துப் போகும். மூளையின் மேற்பரப்பில் ஓர் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வீதம் மெல்ல நகர்வதே காரணம். ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிடும்.

நெதர்லாந்து நாட்டில் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். பெண்களுக்கு மூளையின் உட்பகுதியில் சிறு வெள்ளைப் புள்ளிகள் அதிகம் இருந்தன. 9 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களில் 100-க்கு 77 பேருக்கும், இல்லாதவர்களில் 60 பேருக்கும் புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால் அதனால் ஞாபகமோ அறிவோ குறையவில்லை. ஆகவே வீண் பயம் வேண்டாம்!

கவனிக்க வேண்டியது எது?

கண் மின்னலோடு தலைவலி வருபவருக்கு, மூளை ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சற்று அதிகம். மாலா-என் போன்ற தினசரிக் கருத்தடை மாத்திரை அதை மேலும் கூட்டும். எனவே அவர்கள் அம்மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டு வந்தால் நிறுத்திவிட்டு உடனே நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அதுவரை நிரோத் உபயோகியுங்கள். 35 வயது தாண்டியவர்கள், மின்னல் இல்லாத தலைவலியானாலும் டாக்டரைக் கேட்டே மாத்திரை எடுக்க வேண்டும்.

வேறு வழி இல்லையா? உண்டு. காப்பர்-டி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை, நிரோத் இருக்கின்றன. குழந்தைகள் போதும் என்றால் கணவர் வாசக்டமி செய்துகொள்ளலாம். அது சிறிய சிகிச்சை, உழைப்புக்குக் குறைவில்லை.

கணவன்மார்களே!

"தலைவலிதானே, ஒரு மாத்திரையைப் போட்டுப் படு" என்று விட்டுவிடாதீர்கள். வலி வந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பட்டினி, தூக்கக் குறைவு, வெயில், மாதவிலக்கு இவற்றில் எது வலியைக் கிளப்புகிறது என்று தெரியும். கடையில் வாங்கும் வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் விழுங்கினால் அதுவே தலைவலியை உண்டாக்கும். புகையிலை வேண்டாம். ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென மண்டை வெடிப்பது போன்ற வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் இழுப்பு வந்தால் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணிக்கு வரும் கடும் தலைவலியையும் அன்றே காட்டுங்கள்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். "எனக்குக் கண்ணிலே மின்னல் வருதுங்க" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள்.