குருதி – மூளைத் தடையும் முதுமை மறதி நோயும்

மாணவர்களே! பரவல், உயிர்ப்பான கடத்தல், கலமென்சவ்வு என்பவற்றைத் தனித்தனி வினாக்களாகப் பாடமாக்கி வைத்திருப்பீர்கள். இவை மூன்றும் ஒரே இடத்தில் தொழிற்படுவதை இப்பகுதியில் பார்ப்போம். அந்த இடம் மூளையிலுள்ள குருதி மயிர்க்குழாய்களின் சுவர். நாம் உதாரணமாக எடுக்கும் நோய் முதுமை மறதி.

பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஆச்சியும் அப்புவும் தனித்திருக்கும் வீடுகள் நமது தீவுகளில் பல. அடுப்பில் உலை வைத்ததை ஆச்சி மறந்தால், பெற்ற மகனை யாரென்று கேட்டால், “அறளை பெயர்ந்துவிட்டது” என்று சொல்லி நாங்கள் விட்டுவிடுகிறோம். முதுமை மறதி வயதின் இயல்பு அன்று. அது மூளையைத் தாக்கும் நோய்களால் வருவது. ராகமப் பகுதியில் 65 வயதும் அதற்கு மேலுமான 703 பேரிடம் நடத்திய ஆய்வு 2003 இல் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கு இந்நோய் காணப்பட்டது.

முதுமை மறதியை உண்டாக்கும் நோய்களுள் முதன்மையானது அல்சைமர் நோய். ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1906 இல் இதனை விபரித்தார். இதில் அமைலோயிட் என்னும் புரதம் நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளாகச் சேரும். டோ என்னும் புரதம் கலங்களுக்குள்ளே முறுகித் திரளும். நரம்புக் கலங்கள் படிப்படியாக இறக்கும்.

அப்படியானால் படிவைக் கரைக்கும் மருந்தை ஊசியால் குருதிக்குள் ஏற்றினால் போதாதா? போதாது. ஏன் என்பதே இப்பாடம்.

உடலின் பெரும்பாலான மயிர்க்குழாய்களில் சுவர்க் கலங்களுக்கிடையே சிறு இடைவெளிகள் உண்டு. மூளையில் அக்கலங்கள் இறுக்கமான சந்திகளால் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டுள்ளன. இதனையே குருதி – மூளைத் தடை என்கிறோம். 1885 இல் போல் ஏர்லிக் விலங்குகளின் குருதியில் சாயத்தை ஏற்றினார். மற்றைய அங்கங்கள் நிறம் பெற்றன. மூளை நிறம் பெறவில்லை. 1913 இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சூழ்ந்த பாய்பொருளுக்குள் நேரடியாகச் செலுத்தினார். இப்போது மூளை நிறம் பெற்றது. மற்றைய அங்கங்கள் பெறவில்லை. இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும். முதலாவதை மட்டும் எழுதினால், “மூளை சாயத்தை ஏற்காத இழையமாக இருக்கலாமே” என்ற கேள்விக்கு இடமுண்டு.

“தடை” என்ற சொல்லை மதில் என்று விளங்கிக்கொள்ள வேண்டாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கடற்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். வருகிற தோணியைப் பார்த்து விடுவதற்கே அப்படியொரு காவல். மூளையின் தடையும் அவ்வாறுதான்.

ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்பன எளிய பரவலால் கடக்கும். கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகளும் கடக்கும். கள்ளிலுள்ள எதனோல் சில நிமிடங்களில் தலைக்கு ஏறுவதற்குக் காரணம் இதுவே. குளுக்கோசுக்குக் காவிப் புரதம் தேவை. இங்கே கவனியுங்கள்: மாணவர் பலர் இதனை உயிர்ப்பான கடத்தல் என்று எழுதிப் புள்ளியை இழப்பர். செறிவு கூடிய குருதியிலிருந்து செறிவு குறைந்த மூளைக்கே குளுக்கோசு செல்வதால் இதற்குச் சக்தி செலவாவதில்லை. உயிர்ப்பான கடத்தலுக்கு உதாரணம் வேண்டுமாயின் எதிர்த்திசையைப் பாருங்கள். உள்ளே நுழைந்த பல மருந்துகளைச் சுவர்க் கலங்களிலுள்ள பம்பிப் புரதங்கள் சக்தியைச் செலவிட்டுத் திரும்பக் குருதிக்குள் தள்ளுகின்றன.

இனி மருந்துக்கு வருவோம். முதுமை மறதிக்கு 1996 முதல் பயன்படும் டொனெபெசில் சிறிய மூலக்கூறு. திணிவு ஏறத்தாழ 380. ஆகவே வில்லையாக விழுங்கினாலும் தடையைக் கடக்கிறது. ஆனால் அது நினைவுக்கு உதவும் அசற்றைல்கோலின் சிதைவதைக் குறைக்குமே தவிரப் படிவை அகற்றாது. படிவை அகற்றும் லெக்கனமாப் ஒரு பிறபொருளெதிரி. திணிவு ஏறத்தாழ 150,000. அமெரிக்காவில் 2023 இல் இதற்கு அனுமதி கிடைத்தது. குருதியிலுள்ள இத்தகைய பிறபொருளெதிரியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே மூளைக்குள் செல்கிறது. அதனால் பெருமளவு மருந்தை இரு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. 18 மாதப் பரிசோதனையில் நோய் மோசமடைவது 27 சதவீதம் குறைந்தது, நோய் நிற்கவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் குருதிக் கசிவும் ஏற்பட்டன. “மறதிக்கு மருந்து வந்துவிட்டது” என்று பத்திரிகைத் தலைப்பைக் கண்டால் இவற்றையும் சேர்த்தே நினையுங்கள்.

தடையைச் சற்று நேரம் திறக்கவும் முயல்கிறார்கள். நுண்ணிய வாயுக்குமிழிகளைக் குருதியில் விட்டு, வெளியிலிருந்து கழியொலி அலைகளை ஓரிடத்தில் குவிப்பர். குமிழிகள் அதிர்ந்து சந்திகளைத் தளர்த்தும். கனடாவின் ரொறன்ரோவில் அல்சைமர் நோயாளர் ஐவரிடம் இதைச் செய்த முடிவு 2018 இல் வெளியானது. திறந்த தடை ஒரு நாளுக்குள் மூடிக்கொண்டது.

நோயைக் கண்டறிவதிலும் இதே தடைதான் குறுக்கே நின்றது. இறந்தவரின் மூளையில் படிவைக் காட்டத் தயோபிளேவின் என்னும் சாயம் இருந்தது. அது நேரேற்றம் உடையதால் உயிருள்ளவரின் மூளைக்குள் செல்லாது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் குளுங்கும் மதிசும் அந்த ஏற்றத்தை நீக்கிய சேர்வையை உருவாக்கி, கதிர்த்தொழிற்பாடுடைய காபன்–11 சமதானியை அதில் இணைத்தனர். 2002 இல் சுவீடனின் உப்சலாவில் முதன்முதலாக ஒரு நோயாளரின் மூளைப் படிவு உயிரோடிருக்கும்போதே படத்தில் தெரிந்தது.

காபன்–11 இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 20 நிமிடம். ஒரு கணக்குச் செய்வோம். குறிகட்டுவான் துறையில் 80 அலகு இருந்தால், 20 நிமிடத்தில் நயினாதீவை அடையும்போது 40 அலகு. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் என்று கொண்டால் 80, 40, 20, 10. எட்டிலொரு பங்குதான் மீதி. கடல் கொந்தளித்துப் படகு பிந்தினால் அதுவும் இல்லை. இச்சமதானியை உற்பத்தி செய்யும் இடத்துக்கு அருகிலேயே படமெடுக்க வேண்டும். பின்னர் வந்த புளோரீன்–18 சேர்வைகளின் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். அப்போதும் படமெடுக்கும் கருவிக்கு நோயாளர்தான் போகவேண்டும். நெடுந்தீவில் நடக்க முடியாத ஆச்சிக்கு இது பெரிய பயணம்.

ஆகவே இன்னொரு வழி நமக்கு முக்கியமானது. உள்ளே எதையும் அனுப்பாமல், மூளையிலிருந்து வெளியே வருவதை அளப்பது. டோ, அமைலோயிட் புரதங்களில் மிகச் சிறிதளவு குருதியில் கலக்கிறது. இவற்றை அளக்கும் குருதிச் சோதனை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. அறிகுறி உள்ளவர்களுக்கே, விசேட வைத்தியரின் ஏனைய பரிசோதனைகளோடு சேர்த்தே அதைப் பயன்படுத்த வேண்டும். முறையாகக் குளிரூட்டிய குருதி மாதிரி படகில் போகலாம். ஆச்சி போகத் தேவையில்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தைரொயிட்டுக் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு என்பனவும் மறதியை உண்டாக்கலாம். அவற்றைச் சாதாரண குருதிச் சோதனையில் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிக்க முடியும். அறளை என்று விட்ட வீட்டில் இந்தச் சோதனை நடப்பதில்லை.

பயிற்சி வினா: பாக்கின்சன் நோயில் மூளையில் தொபமீன் குறைகிறது. ஆயினும் நோயாளருக்குத் தொபமீனைக் கொடுக்காது லெவோதொபா கொடுப்பது ஏன்?

விடை: தொபமீன் குருதி – மூளைத் தடையைக் கடக்காது. லெவோதொபா ஓர் அமினோவமிலம் ஆதலால், அமினோவமிலங்களுக்குரிய காவிப் புரதத்தின் மூலம் கடந்து, மூளையினுள் தொபமீனாக மாறுகிறது.