குட்டை மூக்குக்காரனோடு குடித்தனம்

2003-ல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்துக்குப் பிறகுதான் பக் நாய் நம் ஊர் வீடுகளுக்குள் இவ்வளவு பரவியது. எங்கள் முத்துவைப் பார்த்துத் தெருவில் இன்றைக்கும் சிலர் ‘ஹட்ச் நாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சென்னை வெயிலில் அவனை வளர்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பக் பராமரிப்பில் பாதிக்கு மேல் முகத்திலேயே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக முகம் தட்டையாக இருக்கும்படி வளர்த்தெடுத்த இனம் இது. முக எலும்பு குறுகியது. ஆனால் அதன் மேலுள்ள தோலும், வாய்க்குள் இருக்கும் மென்அண்ணமும், 42 பற்களும் அதற்கேற்பக் குறையவில்லை. அதனால்தான் தோல் மடிகிறது, மூச்சு அடைக்கிறது, பற்கள் நெருக்கியடிக்கின்றன, கண் வெளியே துருத்தி நிற்கிறது.

மூக்குக்கு மேலே உள்ள மடிப்பைக் கட்டைவிரலால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று அழுக்கு சேர்ந்திருக்கும்; லேசான புளித்த வாடையும் வரும். கண்ணீரும் வியர்க்கும் ஊரின் ஈரமும் அங்கேயே தங்கினால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகும். நான் தினமும் இரவில் பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைப்பேன். பிறகு உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பேன். இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம். ஈரத்தை விட்டுவிட்டால் துடைத்ததே வீண். குழந்தைகளுக்குப் போடும் பவுடரை மடிப்பில் தூவாதீர்கள். ஈரத்தில் கட்டிதட்டி உறுத்தும். தேங்காய் எண்ணெய், மஞ்சள் வைத்தியமும் அந்த இடத்துக்கு வேண்டாம். தோல் சிவந்து, வாடை மாறி, தொட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். வால் சுருண்டிருக்கும் இடத்தில் அடியிலும் ஒரு மடிப்பு உண்டு. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

கண் விஷயத்தில் நான் ஒரு நாள்கூடத் தாமதிப்பதில்லை. துருத்திய கண் என்பதால் செடியின் முள், பூனையின் நகம், சோபாவின் முனை என எது பட்டாலும் கருவிழியில் புண் வந்துவிடும். ஒரு கண்ணைப் பாதி மூடியபடி இருப்பது, முன்னங்காலால் தேய்ப்பது, தண்ணீர் கொட்டுவது, கண்மேல் நீலம் கலந்த வெண்படலம் தெரிவது ஆகியவை அறிகுறிகள். ஒருமுறை மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சின்னக் காகிதத்தை முத்துவின் கண்ணில் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தில் காட்டினார். புண் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்தது. வெறும் கண்ணால் நான் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. வீட்டில் மிச்சமிருக்கும் நம்முடைய சொட்டு மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆழமாகிக் கண்ணே போகலாம்.

அடுத்தது வெயில். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். குட்டை மூக்கும் குறுகிய நாசியும் உள்ள பக்குக்கு அந்த வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. சென்னையில் காற்றே ஈரமாக இருப்பதால் இரைப்பின் பலன் இன்னும் குறைகிறது. கத்திரி வெயில் காலத்தில் விடிவதற்குள் நடையை முடித்துவிடுவோம். மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவனை இறக்குவதில்லை. கழுத்துப்பட்டை மூச்சுக்குழாயை அழுத்தும் என்பதால் மார்போடு கட்டும் ஹார்னஸ்தான். கொசுவத்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் இருக்கும் அறையில் அவனை விடுவதில்லை. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 104-ஐத் தாண்டினால் ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, கால் தள்ளாடினால், சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நனைத்த கையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வெயில் என்று சொல்லி மொட்டை அடித்துவிடுபவர்கள் உண்டு. வேண்டாம், அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. பக்குக்கு முடி ஆண்டு முழுக்க உதிரும். ரப்பர் சீப்பால் வாரத்தில் இரண்டு மூன்று முறை சீவினாலே போதும். மாதம் ஒரு குளியல், நாய்களுக்கான ஷாம்பு, முகத்தில் தண்ணீர் ஊற்றாமல் துணியால் துடைப்பது, பிறகு நன்றாக உலர்த்துவது. சீவும்போதே காதுமடல், விரலிடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் நிறைய நாய்களைப் படுக்க வைக்கிறது.

உணவில் கண்டிப்பாக இருங்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கெஞ்சியே சொல்கிறேன். பக்கின் எடை 6 முதல் 8 கிலோவுக்குள் இருப்பது நல்லது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். எடை கூடக்கூட மூச்சு இன்னும் திணறும். ‘பாவம், பார்த்துக்கிட்டே இருக்கான்’ என்று அம்மா சாம்பார் சாதத்தைப் பிசைந்து வைக்க வருவார். அதிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் மிதக்கும் திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கும்.

எல்லாவற்றையும்விட நான் மன்றாடிச் சொல்வது குறட்டையைப் பற்றி. அதை வீடியோ எடுத்துப் போட்டு ரசிக்கிறார்கள். பக் குறட்டை விடுவது மூச்சுப் பாதை அடைபட்டிருப்பதன் சத்தம். படுத்துத் தூங்க முடியாமல் உட்கார்ந்தபடி தூங்கினாலோ, தலையணையில் தாடையைத் தூக்கி வைத்தால்தான் தூங்கினாலோ, சிறிது நடந்ததும் ஈறு நீலம் பாரித்தாலோ, கால்நடை மருத்துவரிடம் மூச்சுப் பாதையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாசியை விரித்துவிடவும் நீண்ட மென்அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

இனிமேல்தான் பக் வாங்கப் போகிறீர்கள் என்றால், குட்டியின் நாசித் துவாரத்தை முதலில் பாருங்கள். தாய் நாயைச் சற்று நடக்கவிட்டு அதன் மூச்சைக் கேளுங்கள். துவாரம் வெறும் கோடாக ஒட்டிக் கிடந்தால், எவ்வளவு அழகான குட்டியாக இருந்தாலும், தயவுசெய்து அந்த வளர்ப்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.